பத்தாவது கேம்

“தெருமுனையில புதுசா திறந்திருக்கிற பெரிய சென்டர்ல, நாற்காலியே முதுகைப் பிடிச்சு விடுதாமே, அக்கா?”

என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என்னிடமே கேட்கிறார் டாக்ஸிக்காரர். நெஞ்சழுத்தம் என்றால் இதுதான்.

“முதுகு வலின்னா டாக்டர்கிட்ட போங்க. கேம் ஆடணும்னா இங்க இருங்க” என்றேன்.

சிரித்தார். ஆனால் எழுந்து போகவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். என் ஆட்கள் என் மாடியை விட்டு எழுந்து போகக் கூடாது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் நான் கேம் சென்டர் நடத்துகிறேன். பெரிய சென்டர் வந்ததும் என் கூட்டத்தில் பாதி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அவர்கள் போடுகிற பகட்டுக்கு நான் எங்கே போவேன்? அதனால் யாரிடமும் இல்லாத ஒன்றைக் காட்டுவது என்று கிளம்பினேன். இன்னும் வெளிவராத கேம்கள். பெரிய கம்பெனி செய்தவை அல்ல. ஒற்றை ஆளாக, மிஞ்சிப்போனால் இரண்டு பேராக, வீட்டு மூலையில் உட்கார்ந்து செய்கிற சின்னச் சின்ன கேம்கள். அப்படிப் பத்தைச் சேர்த்து ஒரே கட்டாக இன்டர்நெட்டில் ஒருத்தர் விற்றார். படத்தைப் பார்த்தேன், மயங்கினேன், வாங்கிவிட்டேன்.

என் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். அவனும் அப்படித் தனியாக உட்கார்ந்து கேம் செய்கிறவன்தான்.

“அக்கா, வெளிவராத கேம்னா என்ன அர்த்தம்? அதைச் செஞ்சவனுக்கே அதை வெளியில விட இன்னும் மனசு வரலைன்னு அர்த்தம். பாதி உடைஞ்சிருக்கும். மீதி வரவே வராது. கட்டா விக்கிறவன் கேமை விக்கலை, படத்தைத்தான் விக்கிறான்” என்று போனில் கத்தினான்.

நான் கேட்டேனா? “நீ முதல்ல அம்மாகிட்ட பேசு. அப்புறம் எனக்குப் புத்தி சொல்லு” என்று போனை வைத்துவிட்டேன்.

ஏனென்றால், அவன் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஒரு மாதமாகிறது. ‘இந்தப் பொம்மை வேலையை விட்டுட்டு ஒழுங்கா ஒரு வேலைக்குப் போ’ என்று அம்மா ஆரம்பித்த சண்டை. எங்கே போய் முடிந்தது என்று இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் ஊரே கூடியிருக்கும்போது.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதுசாக ஒரு கேம் வந்தால் அதை நான் தொட மாட்டேன். எல்லார் முன்னாலும்தான் திறப்பேன். சீட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவர்தான் முதலில் ஆட வேண்டும். அதற்கு ‘முதல் கை’ என்று பெயர். வேறு எந்த சென்டரிலும் இது கிடையாது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். அந்தத் தலைக்கனம்தான் இன்றைக்கு என் காலை வாரிவிட்டது.

இந்தப் பத்து கேமையும் வைத்து, காசு கட்டி ஆடுகிற போட்டி என்று அறிவித்திருந்ததால் மாடிப்படி வரைக்கும் கூட்டம். எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஏணி மேல் ஏறி, பெரிய திரைக்கு வயர் இழுத்துக்கொண்டு, விசிலடித்துக்கொண்டிருந்தார். அம்மா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சூப்பர்வைசர். ராட்சச மெஷின்களின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். மெதுவாகக் கூப்பிட்டாலே கீழே மருந்துக்கடைக்காரர் “என்னங்க?” என்று கேட்பார்.

கேம்களைத் திறக்கிற கீ எல்லாம் அப்போதுதான் வந்து சேர்ந்தது. நீளமாக, எழுத்தும் எண்ணும் கலந்து. முதல் கீயை அடித்தேன்.

கறுப்புத் திரை. நடுவில் ‘விரைவில்’ என்று ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கேம்.

“சரி, சரி, திருஷ்டி கழிஞ்சது” என்று சிரித்துவிட்டு அடுத்ததைத் திறந்தேன். இந்தக் கீயை வேறு யாரோ ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார்களாம். அடுத்த மூன்றும் ஒரே காடு. ஒன்றில் மரம் நீலம், ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மரத்தையே காணோம். இன்னொன்றில் முகப்பு அப்படியொரு அழகு, இசையும் பிரமாதம். ‘ஆரம்பி’ என்ற பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அது அசைந்து கொடுக்கவில்லை. அதற்கு அடுத்ததில் கதாநாயகன் ஓர் அடி எடுத்து வைத்தான், தரை வழியாகக் கீழே போனான், போய்க்கொண்டே இருந்தான்.

“அக்கா, இவன் இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கான். நான் போய் டீ குடிச்சுட்டு வரட்டுமா?” என்று கேட்டாள் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து தூங்காமல் நேராக இங்கே வருகிறவள். அவளே கொட்டாவி விட்டால் என் கதி என்ன?

பின்னால் நின்றவர்களில் நாலைந்து பேர் மெல்ல நழுவினார்கள். விற்றவருக்குப் போன் போட்டேன். தேனாகப் பேசினார் மனுஷன்.

“மேடம், ‘வெளிவராதவை’ன்னு தலைப்புலேயே போட்டிருக்கோமே. வெளிவரும்போது கண்டிப்பா வரும்.”

“எப்ப வரும்?”

“செஞ்சு முடிச்சா வரும்.”

“முடிக்கலைன்னா?”

“அது செய்யறவங்க இஷ்டம், மேடம். அதுல நாங்க தலையிட முடியாது.”

“அப்ப நான் வாங்கினது என்னங்க?”

“நம்பிக்கை, மேடம்.”

எப்படி இருக்கிறது பாருங்கள்! அவரே தொடர்ந்தார். “கோவிச்சுக்காதீங்க. அங்க வந்திருக்கிறவங்களை எங்க இன்டர்நெட் பக்கத்துல நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்லுங்க. அடுத்த கட்டு உங்களுக்குச் சும்மாவே தரேன்.”

“நான் ஏமாந்தது பத்தாதுன்னு, அவங்களை வேற ஏமாத்தணுமா? அந்த வேலை என்கிட்ட நடக்காது” என்றேன்.

“உங்க விருப்பம். ஆனா பத்தாவதைத் திறந்து பாருங்க, மேடம். அது ஜோரா ஓடுது. சாயங்காலம் கட்டு வாங்கின எல்லாருக்கும் அனுப்பறோம். உங்களுக்குத்தான் முதல்ல.”

எட்டாவதும் ஒன்பதாவதும் திறக்கவே இல்லை. பத்தாவதுக்கு முதல் கை நர்ஸுக்கு விழுந்தது.

திறந்தது! திரை முழுக்க நீராவி. வரிசையாகப் பெரிய பெரிய சலவை மெஷின்கள். கதாநாயகன் ஒரு படுக்கை விரிப்பு. ஆமாம், இரண்டு கண் வைத்த வெள்ளை விரிப்பு. துள்ளித் துள்ளி ஓடி, அந்தக் கூடத்தை விட்டுத் தப்பிக்க வேண்டும். நர்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நழுவப் பார்த்தவர்கள் திரும்பி வந்தார்கள். எனக்குப் போன உயிர் வந்தது.

“இது எங்க சலவைக்கூடம் மாதிரியே இருக்கேடி” என்றார் அம்மா கல்லாவிலிருந்து. “அந்த மூணாவது மெஷின் மூடி எங்க இடத்துலயும் இப்படித்தான் கோணலா நிக்கும்.”

“எல்லாச் சலவைக்கூடமும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்” என்றேன். சொல்லி வாய் மூடவில்லை. நீராவிக்குள்ளிருந்து வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பேய் எழுந்தது.

“ஈரத் துணியை எவன்டா இங்க போட்டது?”

மாடியே குலுங்கியது. நர்ஸ் நாற்காலியோடு பின்னால் போனாள். எனக்கு மட்டும் பயம் வரவில்லை. வேறு என்னவோ வந்தது. சின்ன வயசில் தினம் காலையில் என்னை எழுப்பிய குரல் அது. கூட்டத்தில் பாதிப் பேருக்கும் அது தெரியும். எல்லாத் தலையும் மெதுவாகக் கல்லாப் பக்கம் திரும்பியது.

அம்மா அசையவில்லை.

பேய் துரத்தியது. விரிப்பு ஓடியது. மூலையில் மாட்டிக்கொண்டது. பேய் அதைக் கப்பென்று பிடித்து, முகத்துக்கு நேராகத் தூக்கி,

“சாப்பிட்டியா இல்லையா? அதைச் சொல்லிட்டு எங்க வேணா போ!” என்றது.

சிரிப்பு என்றால் அப்படியொரு சிரிப்பு. டாக்ஸிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பிடிச்ச பேய் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பும் போலிருக்கே!”

“திருட்டுப் பய” என்றார் அம்மா. “எப்பப் பிடிச்சான் இதையெல்லாம்?”

ஒரு மாதமாக அவனைப் பற்றி அம்மா வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அம்மாவின் உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். சந்தோஷத்தில் தம்பிக்குப் போன் போட்டேன். “டேய், உன் பேய் என் கடையில ஓடுதுடா! எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க!”

“எது ஓடுது?” என்றான். லைன் கட்டாகிவிட்டது.

இதற்குள் விரிப்பு கூடத்தின் கடைசிக் கதவுக்கு வந்திருந்தது. நர்ஸ் கதவைத் தட்டினாள். பேய் இல்லை, நீராவி இல்லை. வெறும் குரல் மட்டும் வந்தது.

“போ. இந்தப் பொம்மையைக் கட்டிக்கிட்டு அழு. உங்கப்பன் மாதிரி பாதியில விட்டுட்டுப் போறவன்தானே நீயும்.”

யாரும் சிரிக்கவில்லை.

கதவு திறக்கவில்லை. நர்ஸ் பதறிப்போய் வேறு வேறு பட்டனை அழுத்தினாள். ஒவ்வொரு தட்டுக்கும் அந்தக் கடைசி வரி திரும்பத் திரும்ப வந்தது. பாதியில விட்டுட்டுப் போறவன்தானே நீயும். பாதியில விட்டுட்டுப் போறவன்தானே நீயும். அவள் கையை எடுத்த பிறகும் அது நிற்கவில்லை. எங்கேயோ சிக்கிக்கொண்டு தானாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

எங்கள் அப்பா எங்களை விட்டுவிட்டுப் போனது இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி அம்மா எதிரில் யாரும் மூச்சு விட்டதில்லை. இப்போது அம்மாவே, பெரிய திரையில், முழு சத்தத்தில்!

பாய்ந்து போய் சுவிட்சில் கை வைத்தேன்.

“கையை எடு” என்றார் அம்மா.

“அம்மா, வேண்டாம்மா…”

“எடுன்னா எடு. நான் பேசினதுதானே? எனக்குக் காது இருக்கு. கேக்கறேன்.”

நின்றபடியே கேட்டார். முகம் சுருங்கவில்லை. ஆனால் கல்லா விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. என்னால் தாங்க முடியவில்லை. திரையை விட்டுவிட்டு ஒலியை மட்டும் குறைத்தேன். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன்.

“எல்லாரும் கேளுங்க. நான் ஏமாந்துட்டேன். கட்டுல ஒன்பது வெறும் குப்பை. பத்தாவது என் தம்பி செஞ்சது. அவன் இன்னும் முடிக்கலை. அவனைக் கேக்காம எவனோ வித்திருக்கான், அவனைக் கேக்காம நானும் ஓடவிட்டுட்டேன். இதை வச்சு நான் போட்டி நடத்தப் போறதில்லை. போட்டிக்குக் கட்டின காசைக் கல்லாவுல வாங்கிக்கோங்க. பெரிய சென்டருக்குப் போறவங்க தாராளமா போகலாம். படி பார்த்து இறங்குங்க.”

போனார்கள். வலிக்கத்தான் செய்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? மாடிப்படியில் செருப்புச் சத்தம் அடங்கியபோது பாதிக்கு மேல் காலி. டாக்ஸிக்காரர் மட்டும் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நீங்க போகலையா?” என்றேன்.

“எனக்கு முதுகு வலி இல்லையே, அக்கா.”

அந்த ஆளுக்கு ஆயுசு நூறு.

அப்போதுதான் தம்பி வந்தான். ஓடியே வந்திருக்கிறான். மூச்சு வாங்கியது. திரையைப் பார்த்தான், மூடிய கதவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

“நிறுத்து அக்கா. இதை யார் ஓடவிட்டது? நிறுத்து!”

“கதவு வரைக்கும் வந்தாச்சுடா” என்றார் அம்மா. “கேட்டாச்சு.”

தம்பி அம்மா பக்கம் திரும்பினான். “அன்னைக்கு உன் திட்டைப் பிடிக்கலாம்னு மைக்கை ஓடவிட்டிருந்தேன். பேய்க்குத் தற்காலிகமா ஒரு குரல் வேணும்னு. அப்புறம் நிஜமாவே சண்டை வந்துடுச்சு. அதுவும் பதிவாயிடுச்சு. கோபத்துல கொண்டுபோய்க் கதவுல வச்சேன். மறுநாளே எடுத்திருக்கணும். வெளியில விடறதுக்கு முன்னாடி கண்டிப்பா எடுத்திருப்பேம்மா. அதுக்குத்தானே யாருக்கும் காட்டாம வச்சிருந்தேன்?”

அவன் போனில் சொன்னது எனக்கு இப்போதுதான் உறைத்தது. வெளிவராத கேமை வாங்குவது என்றால், ஒருத்தன் இன்னும் துடைக்காத கண்ணீரையும் சேர்த்து வாங்குவது. அதற்கு ஒரு கீ, ஒரு படம், ஒரு தேன் குரல். தூ!

அம்மா கல்லாவை விட்டு வெளியே வந்தார். அவனுக்கு எதிரே நின்றார்.

“அந்த வார்த்தை உங்கப்பனுக்குச் சேர வேண்டியது. அந்த ஆள் எதிர்ல இல்லை, நீ இருந்தே. உன் மேல எறிஞ்சுட்டேன். தப்புதான்.”

அம்மா ‘தப்புதான்’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. தம்பியும் கேட்டதில்லை போலிருக்கிறது. கண் நிறைந்து நின்றான்.

“சரி, அதை விடு” என்றார் அம்மா அடுத்த நொடியே. “அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன வச்சிருக்கே?”

“ஒண்ணுமில்லம்மா. இன்னும் செய்யலை.”

“ஏன் செய்யலை?”

“தட்டும்போதெல்லாம் நீ அதையே சொல்லிக்கிட்டிருந்தா எப்படிச் செய்வேன்?” அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. “ஆனா நான் பாதியில விடலை. இன்னும் முடிக்கலை. ரெண்டும் வேற!”

“அப்ப முடி. முடிச்சுட்டு என்னைக் கூப்பிடு. குரல் வேணும்னா நேரா வந்து கேளு, குடுக்கறேன். திருட்டுத்தனமா மைக் வைக்கிற வேலை வேண்டாம்.”

நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள். டாக்ஸிக்காரர் கூரையைப் பார்த்தார். எனக்கு மட்டும் ஒரு விஷயம் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

“டேய், யாருக்கும் காட்டாம வச்சிருந்ததை எதுக்குடா அந்த ஆளுக்கு அனுப்பினே?”

“நான் எங்க அனுப்பினேன்? என் கம்ப்யூட்டரை விட்டா, அது இன்னும் ஒரே ஒரு இடத்துலதான் இருந்தது. இங்க, மூணாம் நம்பர் மெஷின்ல. ஓடுதான்னு பார்க்கப் போட்டிருந்தேன்.”

மூன்றாம் நம்பர். அங்கே உட்கார்ந்துதானே இந்தக் கட்டையே வாங்கினோம்? நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, விவரத்தையெல்லாம் அடித்துக்கொடுத்தவர் யார்?

அப்போதுதான் கவனித்தேன். ஏணி மேல் விசில் சத்தம் நின்று ரொம்ப நேரமாகியிருந்தது.

“ஏங்க” என்றேன்.

“இந்த வயர் கொஞ்சம் சிக்கலா இருக்கு” என்றார் எங்க வீட்டுக்காரர், சுவரைப் பார்த்தபடி.

“மாமா?” என்றான் தம்பி.

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிற மனுஷன், ஏணியிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறார். “அங்கேயே இருங்க. உங்களை அப்புறம் வச்சுக்கறேன்” என்றேன். வேறு வழியில்லை. ஜன்னலில் வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் அந்தக் கதவு, அந்த வரி, கட்டு வாங்கின எல்லார் வீட்டுக்கும் போய்விடும்.

மறுபடி அந்த ஆளுக்குப் போன் போட்டேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தேன்.

“பத்தாவதை நிறுத்துங்க. செஞ்சவன் இங்க என் பக்கத்துலதான் நிக்கிறான். அவன் சம்மதிக்கலை.”

“கட்டு வாங்கின கையோட, உங்க இடத்துலேர்ந்துதான் விதிமுறையை ஒத்துக்கிட்டு அதை அனுப்பினாங்க, மேடம்” என்றது தேன். “அதுவுமில்லாம, அந்தப் பேய்க் குரல்தான் கேமோட உயிரே. கடைசியில கதவுகிட்ட ஒரு டயலாக் வருது பாருங்க, எங்க ஆளுங்க எல்லாரும் அசந்துட்டாங்க. எங்க பிடிச்சீங்க அந்த நடிகையை?”

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள், அம்மாவின் கை நீண்டது.

“இங்க குடு.”

கொடுத்தேன். அம்மா ஸ்பீக்கரை அணைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். கீழே மருந்துக்கடையில் பேச்சுச் சத்தம் நின்றது.

“ஹலோ!”

அந்தப் பக்கம் எதுவோ கீழே விழுந்த சத்தம். “யா… யாருங்க பேசறது?”

“உன் பத்தாவது கேம்ல வர்ற பேய் பேசறேன். சாப்பிட்டியா இல்லையா? அதை முதல்ல சொல்லு. நாம பேசி முடிக்க ரொம்ப நேரமாகும்.”